பாட்டை நிறுத்துங்க... பாட்டு கேக்கணும்!

தலைப்பைப் பார்த்ததும் "இவனுக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்கப்போகும் நண்பர்களுக்கு முதலிலேயே ஒரு விஷயம். நான் பாட்டுக்கு எதிரி அல்ல! இளையராஜா, ரகுமான், அனிருத் என்று மூன்று தலைமுறைக்கும் என் செல்போனில் இடம் உண்டு. "ராஜாவா, ரகுமானா?" என்று நம்ம ஹாஸ்டலில் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நடக்கும் பட்டிமன்றத்தில் தொண்டை கிழியக் கத்துகிறவர்களில் நானும் ஒருவன். அதே மாதிரி, கபடி என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். பொங்கல் சமயத்தில் நம்ம சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் டோர்னமென்ட் என்றாலும், சைக்கிளோ பைக்கோ, யார் பின்னாலாவது தொத்திக்கொண்டு போய்விடுவேன். ஆகவே, இது ஒரு ரசிகன் மற்ற ரசிகர்களிடம் வைக்கும் வழக்கு. தீர்ப்பு உங்கள் கையில்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். கபடி ஆடும்போது ஸ்பீக்கர் பெட்டியை அணைத்து வையுங்கள். ஏனென்றால் களத்தில் ஏற்கெனவே ஒருத்தன் பாடிக்கொண்டிருக்கிறான்!

பாடிப் போறவன்

'ரெய்டர்' என்பது டி.வி. வந்து கொடுத்த பெயர். நம்ம ஊர்களில் அவனுக்குப் பெயர் 'பாடிப் போறவன்'. "இப்ப யாருடா பாடப் போறது?" என்றுதான் கேட்போம். அவன் வாயிலிருந்து வருவதற்குப் பெயர் 'பாட்டு'. மூச்சு விட்டுவிட்டால் "பாட்டு அறுந்துபோச்சு!" என்று எதிரணி கத்தும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் நண்பர்களே... பாட்டையே ஆயுதமாக எடுத்துக்கொண்டு எதிரியின் எல்லைக்குள் போகும் விளையாட்டு உலகத்தில் வேறு எது இருக்கிறது?

அந்தக் காலத்து சடுகுடுவில் ஊருக்கு ஒரு பாட்டு இருந்தது. எதிராளியைக் கேலி செய்கிற பாட்டு, தன் வீரத்தைத் தானே புகழ்கிற பாட்டு என்று பல தினுசு. பிறகு எல்லா ஊருக்கும் பொதுவாக விதிகள் வந்தபோது, பாட்டு சுருங்கி 'கபடி கபடி' என்ற ஒரே சொல் ஆகிவிட்டது. சரி, போகட்டும். ஆனால் அந்தச் சொல்லை விதி இன்றைக்கும் விடவில்லை. பாடிப் போறவன் நடுக்கோட்டைத் தாண்டி எதிரணிப் பக்கம் கால் வைப்பதற்கு முன்பே பாட்டைத் தொடங்கியாக வேண்டும். ஒரே மூச்சில், இடைவெளி விடாமல், தெளிவாகக் காதில் விழும்படி பாட வேண்டும். தாமதமாகத் தொடங்கினால் எதிரணிக்குப் புள்ளி. நடுவில் அறுந்தால் அவன் அவுட். 'காதில் விழும்படி' என்பதை மட்டும் மனசில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். என் வழக்கே அதில்தான் நிற்கிறது.

இது ஏதோ பொழுதுபோக்கு ஆட்டம் என்று யாரும் லேசாக நினைக்க வேண்டாம். 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்கப் போட்டியாகச் சேர்ந்தது. பெண்கள் கபடி 2010-இல் குவாங்சோவில் சேர்ந்தது. அதுவரை நம்மை யாரும் அசைக்க முடியாது என்று இருந்தபோது, 2018-இல் ஜகார்த்தாவில் ஈரான் வந்து ஆண்கள், பெண்கள் இரண்டு அணியையும் தோற்கடித்தது. அந்தத் தங்கம் இரண்டும் திரும்பி வர 2023 அக்டோபரில் நடந்த ஹாங்சோ போட்டி வரை காத்திருந்தோம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணிகளில் நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இருவர். ஒருவர் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. இன்னொருவர் நம்ம டெல்டாவின் வடுவூர் அபினேஷ்! மன்னார்குடிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், வடுவூரில் கபடி ஒரு விளையாட்டு அல்ல, அது ஊர் வழக்கம். நம்ம மண்ணில் முளைத்த ஆட்டம் இது என்று மார்தட்டுகிறோம். அந்த ஆட்டத்தின் உயிர்நாடியை நாமே ஸ்பீக்கரில் அமுக்குகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

காது உள்ளவன் பிடிப்பான்

கபடியைக் கண்ணால் மட்டும் பார்க்கிறவன் பாதி ஆட்டத்தைத்தான் பார்க்கிறான். நல்ல 'கார்னர்' ஆட்டக்காரனைக் கேட்டுப் பாருங்கள். பாடி வருகிறவன் உள்ளே நுழையும்போது பாட்டு கணீரென்று இருக்கும். பத்து வினாடி போனதும் கொஞ்சம் தேயும். இருபது வினாடியில் 'கபடி' என்பதில் 'க' மட்டும் கேட்கும், மீதி காற்றாகப் போகும். தம் இறங்குகிறது என்று அர்த்தம். இப்போது அவன் திரும்பப் பார்ப்பான், கால் ஒரு நொடி பின்னும். அந்த நொடியில்தான் கணுக்காலில் கை விழும். பார்க்கிறவர்கள் "என்னா பிடிடா!" என்று துள்ளுவார்கள். ஆனால் பிடித்தவனுக்குத் தெரியும், முதலில் பிடித்தது காது, பிறகுதான் கை.

இது நம்ம தாராசுரத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்டுத்தறி ஓடும் தெருவில் ஒரு நாள் நடந்து பாருங்கள். தறியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் நம்மிடம் பேசிக்கொண்டே இருப்பார். திடீரென்று பேச்சை நிறுத்திக் குனிவார். சத்தத்தில் ஏதோ ஒன்று மாறியது நமக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். தொழில் தெரிந்தவனுக்குக் காதுதான் முதல் கண். கபடியும் அப்படித்தான்.

நடந்தது என்ன?

சென்ற வருடம் நம்ம விளையாட்டு விழாவில் துறைகளுக்கு இடையேயான கபடி இறுதிப் போட்டி. மெக்கானிக்கல் ஒரு பக்கம், சிவில் ஒரு பக்கம். நான் புள்ளி எழுதும் மேஜையில். நடுக்கோட்டுக்கு நேராக இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள். கடைசி நிமிடம், ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். சிவில் பையன் பாடிப் போனான். பெட்டியில் பாட்டு அலறுகிறது. ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து கோட்டைத் தொட்டான். சிவில் பக்கம் ஒரே ஆரவாரம். மெக்கானிக்கல் பக்கம் ஏழு பேரும் கையைத் தூக்கிவிட்டார்கள்.

"சார், பாட்டு அறுந்துபோச்சு சார்! பாதியிலயே விட்டுட்டான்!"

"இல்ல சார், கடைசி வரைக்கும் பாடினேன் சார். அம்மா சத்தியமா!"

நடுவராக இருந்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தம்பிகளா, எனக்கு ஒண்ணுமே கேக்கலை. பொய் சொல்ல மாட்டேன்."

மறுபடி பாடச் சொன்னார்கள். "தொட்டுட்டு வந்தவன் எதுக்கு மறுபடி பாடணும்?" என்று சிவில் கோபித்துக்கொண்டது. வாய்ச்சண்டை கைகலப்பு வரைக்கும் போய், கடைசியில் கோப்பையை யாருக்கும் கொடுக்காமல் ஆபீஸ் அறை பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அந்த இரண்டு துறைப் பசங்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடவே ஒரு மாதம் ஆயிற்று. பாடினவன் உண்மையாகவே பாடியிருந்தால், அவனுக்கு நியாயம் கிடைக்கவில்லை. பாடாமல் இருந்திருந்தால், மற்ற ஏழு பேருக்கு நியாயம் கிடைக்கவில்லை. இதில் பையன்கள் மேல் என்ன தப்பு? நடுவர் மேல் என்ன தப்பு? சாட்சி சொல்ல வேண்டிய ஒரே ஒரு சத்தத்தை நாம் கொன்றுவிட்டோம். அப்புறம் கோர்ட்டு எப்படி நடக்கும்?

நம்ம பாடப்புத்தகக் கணக்கு

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன் டெசிபல் பேசாமல் கட்டுரையை முடித்தால் எங்கள் லேப் சார் கோபித்துக்கொள்வார். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். சரிதானே? சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல். பாடிப் போறவன் உரக்கப் பாடுகிறான், 75 என்று வைத்துக்கொள்வோம். நாலு மீட்டர் தள்ளி நிற்கும் நடுவர் காதுக்கு வரும்போது அது 63. ஸ்பீக்கர் பெட்டிக்கு ஒரு மீட்டரில் 111 என்று வைத்துக்கொள்வோம். எட்டு மீட்டர் தள்ளி நிற்கும் அதே நடுவருக்கு அது 93. வித்தியாசம் 30 டெசிபல். 30 டெசிபல் என்றால் ஆயிரம் மடங்கு சக்தி! ஒருத்தன் பாட்டை ஆயிரம் பேர் மறைத்து நின்று பாடினால் எப்படி இருக்குமோ அப்படி. பாவம், நடுவருக்கு என்ன தும்பிக்கையா, முறம் மாதிரி காதா?

சட்டமும் நம்ம பக்கம்தான் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்க இடம் தருகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் பகலில் 50 டெசிபல்தான் வரம்பு. அதாவது சாதாரணமாகப் பேசினாலே அதிகம்! விழா என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக 50-க்கு 93-ஆ?

பாட்டுக்கும் அநியாயம்

இதுவரை கபடி ரசிகனாகப் பேசினேன். இப்போது பாட்டு ரசிகனாகப் பேசுகிறேன்.

1976-இல் 'அன்னக்கிளி' வந்ததிலிருந்து, 1992-இல் 'ரோஜா' வந்ததிலிருந்து, இந்தப் பாட்டுகளை உருவாக்கியவர்கள் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு இடம் பார்த்து வைத்தார்கள். எங்கே புல்லாங்குழல் நுழைய வேண்டும், எங்கே எல்லாம் அடங்கி ஒரு நொடி மௌனம் வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் செதுக்கினார்கள். இளையராஜா 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினாரே, அங்கே கூட்டம் எப்படி உட்கார்ந்து கேட்டது! நாம் என்ன செய்கிறோம்? ஒரு பாட்டின் பத்து வினாடித் துண்டை வெட்டுகிறோம். ஒரு புள்ளி வந்தால் அதைப் போடுகிறோம். அடுத்த புள்ளிக்கு அதையும் பாதியில் வெட்டி இன்னொரு துண்டு. பல்லவி முடியாது, சரணம் வராது. விருந்துக்குக் கூப்பிட்டு, இலையில் ஒவ்வொரு பதார்த்தமாக வைத்து, வாயருகே கொண்டு போகும்போது பிடுங்கினால் யாருக்காவது பிடிக்குமா?

'கில்லி' 2004-இல் வந்தது. 'வெண்ணிலா கபடி குழு' 2009. மணத்தி கணேசன் என்கிற நிஜமான அர்ஜுனா விருது வீரரின் வாழ்க்கையை ஒட்டி 2025-இல் 'பைசன்' வந்தது. கபடியும் சினிமாப் பாட்டும் பகையாளிகள் அல்ல என்பதற்கு இவை போதும். ஆனால் 'கில்லி' பாட்டை நிஜ கபடி மேலேயே போட்டு நிஜ கபடியை அமுக்குவது, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டு அவர் போட்டோவுக்கு மாலை போடுகிற கதை!

நம்ம ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயில், 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நம்ம கோயில். அதன் பலிபீடத்துப் படிகளைத் தட்டினால் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்வரம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். இன்று அந்தப் படிகளைச் சுற்றி இரும்புக் கம்பி வேலி. ஆசையாகத் தட்டுகிறவர்களிடமிருந்தே பாட்டுப் படியைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று! எதையும் கெடுக்க எதிரி வேண்டும் என்பதில்லை, அளவு தெரியாத ரசிகனே போதும்.

இன்னொன்று. இந்தக் காவிரிக் கரையில் ஒரு காலத்து 'சூப்பர் ஸ்டார்' யார் தெரியுமா? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. 1956-இல் மறைந்தவர். அவர் தோடி வாசித்தால் கேட்க ஊர் விட்டு ஊர் கூட்டம் போனதாகத் தாத்தாக்கள் இன்னும் சொல்வார்கள். நாதஸ்வரமும் கபடி மாதிரிதான், முழுக்க முழுக்கத் தம் விவகாரம். 2022-இல் புவிசார் குறியீடு வாங்கிய நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் நமக்குப் பக்கத்து ஊர்ச் சொத்து. மூச்சைப் பாட்டாக்குவதும் மூச்சைப் புள்ளியாக்குவதும் ஒரே மண்ணின் இரண்டு வித்தைகள். ஆலாபனை நடுவில் யாராவது பெட்டியைப் போட்டால் எழுந்து அடிக்கப் போவோமா இல்லையா? கபடிக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை?

கூட்டத்தின் சத்தம் வேறு, பெட்டியின் சத்தம் வேறு

"அப்போ எல்லாரும் கையைக் கட்டிட்டு லைப்ரரி மாதிரி உக்காரணுமா மாப்ள?" என்று என் அறை நண்பன் கேட்டான். இல்லவே இல்லை! கத்துங்கள், விசில் அடியுங்கள், தகர டின்னைத் தட்டுங்கள். கூட்டத்தின் சத்தம் ஆட்டத்துக்குப் பதில் சொல்லும். பாடிப் போறவன் நுழையும்போது தானாக அடங்கும், திரும்பும்போது தானாக எழும்பும். பெட்டிக்கு அந்த அறிவு கிடையாது.

1999 ஜனவரி 31, சேப்பாக்கம். நான் அப்போது பிறக்கவில்லை, அப்பா சொல்லிச் சொல்லி நான் பார்த்த மாதிரியே ஆகிவிட்டது. பாகிஸ்தானுக்கு எதிராக சச்சின் 136 அடித்து அவுட் ஆன பிறகு, மீதி மூன்று விக்கெட்டும் நாலே ரன்னில் போய், 12 ரன்னில் இந்தியா தோற்றது. மைதானம் மொத்தமும் உறைந்துபோனது. பிறகு எழுந்து நின்று ஜெயித்த பாகிஸ்தான் வீரர்களுக்குக் கை தட்டியது. அந்த மௌனமும் அந்தக் கைதட்டலும் எந்த டி.ஜே.யும் போட முடியாத பாட்டு. 2020-இல் கொரோனாவால் காலி மைதானத்தில் ஐ.பி.எல். நடந்தபோது, பதிவு செய்த கூட்டச் சத்தத்தை டி.வி.யில் ஓட்டினார்களே, யாருக்காவது புல்லரித்ததா? 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் வுவுசெலா ஊதி ஊதி, அதே வருடம் ஐரோப்பிய கால்பந்து சங்கம் தன் போட்டிகளில் அதற்குத் தடை போட்டது. காரணம் என்ன? ரசிகர்களின் சொந்தக் குரலையும் பாட்டையும் அது விழுங்கிவிடுகிறது என்பதுதான். நம்ம கதையேதான்!

மறுப்பும் பதிலும்

"பாட்டு இல்லன்னா கூட்டம் வராது" என்கிறார்கள். கூட்டம் வராதது பாட்டு இல்லாததால் அல்ல, ஆட்டம் புரியாததால். புரிய வைக்க ஒரு நல்ல வர்ணனையாளர் போதும். நம்ம பக்கத்து இரவு டோர்னமென்ட்களில் மைக் பிடிக்கிற அண்ணன்களின் தமிழைக் கேட்டிருக்கிறீர்களா? அதற்கே தனியாகக் கூட்டம் வரும்.

"மைக் செட் போடுறவங்க பொழைப்பு என்னாகும்?" என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவர்களை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெட்டி இருக்கட்டும், ஆள் இருக்கட்டும், வாடகையும் முழுசாகக் கொடுப்போம். ஒரு 'ரெய்டு' முப்பது வினாடிதான். அந்த முப்பது வினாடி கையை பொத்தானில் வைத்துச் சத்தத்தை இறக்கத் தெரிந்தவன்தான் உண்மையான ஆபரேட்டர்.

ஆகவே நம்ம மாணவர் பேரவைக்கு நாலே நாலு கோரிக்கை.

ஒன்று: பாடிப் போறவன் நடுக்கோட்டை நெருங்கியதும் பாட்டும் வர்ணனையும் நிற்க வேண்டும். நடுவர் விசில் ஊதிய பிறகு தொடரட்டும்.

இரண்டு: பெட்டிகளைக் களத்தைப் பார்த்து வைக்காமல், கூட்டத்துக்குப் பின்னால் வெளிப்பக்கம் பார்த்து வைக்க வேண்டும். இந்த வேலையை எங்கள் துறையே இலவசமாகச் செய்து தரும்.

மூன்று: இடைவேளை ஐந்து நிமிடத்தில் ஒரு முழுப் பாட்டைப் போடுங்கள். பல்லவியிலிருந்து கடைசி வரை. ராஜா பாட்டா, ரகுமான் பாட்டா என்று வேண்டுமானால் சீட்டுக் குலுக்கிப் போட்டுக்கொள்வோம்!

நான்கு: பீரோவில் பூட்டிக் கிடக்கும் அந்தக் கோப்பைக்காக மெக்கானிக்கலும் சிவிலும் இந்த வருடம் மறுபடி ஆட வேண்டும். பெட்டி அணைந்த மைதானத்தில்.

நண்பர்களே! நம்மில் பாதிப் பேர் நாளைக்கு ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ மெஷின் சத்தத்துக்கு நடுவில் எட்டு மணி நேரம் நிற்கப் போகிறோம். அங்கே காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டி வரும். அதற்கு முன்னால், காது சுத்தமாக இருக்கும் இந்த மூன்று வருடத்தில், ஒரு மனிதன் ஒரே மூச்சில் பாடிக்கொண்டு ஏழு பேருக்கு நடுவில் போய்த் திரும்பி வருவதை ஒரு தடவையாவது முழுசாகக் கேட்டுவிடுவோம். பாட்டு ரசிகனும் விளையாட்டு ரசிகனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்கக்கூடிய ஒரே கச்சேரி அதுதான். டிக்கெட்டும் கிடையாது.

கேட்போமா?

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை.